சாட் சால்வரோடு முதல் மாதம்: கணிமைத் தர்க்கத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கணிமைத் தர்க்கம், அதாவது கணினியைக் கொண்டு தர்க்கம் செய்வது, என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் நடக்கும் வேலை பரந்தது. 1972 வாக்கில் மார்செய் நகரில் பிறந்த ப்ரோலாக் என்ற நிரல்மொழி, பொட்ஸ்டாமில் உருவான கிளிங்கோ என்ற தர்க்க நிரல் கருவி, லீன், இசபெல் போன்ற நிரூபணத் துணைவர்கள், இசட்3 போன்ற எஸ்எம்டி சால்வர்கள், சாட் சால்வர்கள் எல்லாம் இதில் அடக்கம். புதிதாக வருபவர் எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் தொட்டால் எதுவும் கையில் நிற்காது. நாங்கள் சொல்வது சாட் வாசல். இல்லை, அல்லது, மற்றும் என்ற மூன்றே சொற்களால் கட்டிய ஒரு சூத்திரத்தை உண்மையாக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தேடும் நிரல்தான் சாட் சால்வர். 1971-இல் ஸ்டீபன் குக் இதை முதல் என்பி-முழுமைச் சிக்கலாகக் (விடையைச் சரிபார்ப்பது எளிது, கண்டுபிடிக்க விரைவான பொதுவழி தெரியாது என்ற வகை) காட்டினார். பெரிய கணித முன்னறிவு இல்லாமலே உள்ளே வரலாம். வரும் விடை சரிதானா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்கவும் முடியும். இந்த இரண்டாவது காரணம்தான் முக்கியமானது.

முதலில் ஒரு எச்சரிக்கை. தொடக்கத்தில் வரும் தவறுகளில் ஏறக்குறைய எல்லாமே சூத்திரம் எழுதியவருடைய தவறுகள்தான், சால்வருடையவை அல்ல. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தத் தவறுகளைப் பிடிப்பதற்காக.

கருவிகள்

ஒரு லினக்ஸ் கணினி, ஒரு சி++ கம்பைலர், பைதான். லேப்டாப்பே போதும். உபுண்டுவில் மினிசாட் என்ற சால்வர் நேராகவே நிறுவக் கிடைக்கும். 2003-இல் வெளிவந்தது, இன்றும் படித்துப் புரிந்துகொள்ள ஏற்ற நிரல். அடுத்தது காடிகால், இதுவும் ஒரு சால்வர். மூல நிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்யலாம், சில நிமிட வேலை. மூன்றாவது ட்ராட்-ட்ரிம். இது சால்வர் அல்ல, சால்வர் எழுதிக் கொடுக்கும் நிரூபணத்தைத் திருத்தும் வாத்தியார்.

பைதானில் பைசாட் என்ற நூலகம் வசதியானது. ஆனால் பைதான் பொதிகளை நிறுவும் பிப்-இல் அதன் பெயர் ‘பைதான்-சாட்’. வெறும் ‘பைசாட்’ என்று அடித்தால் செயற்கைக்கோள் தரவுகளை அலசும் சம்பந்தமே இல்லாத ஒரு பொதி வந்து உட்கார்ந்துகொள்ளும். இறக்குமதி வரியில் பிழை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தமிழ் வாக்கியத்திலிருந்து சூத்திரத்துக்கு

கணினியைத் திறக்குமுன் ஒரு வாரம் இதற்குக் கொடுக்கலாம். நாம் பேசும் மொழி தர்க்கத்தின் மொழி அல்ல. எது எங்கே பிசகுகிறது என்று தெரிந்திருக்கவேண்டும்.

‘எல்லா மாணவர்களும் தேறவில்லை.’ இதற்கு இரண்டு பொருள். ஒருவர்கூடத் தேறவில்லை என்பது ஒன்று, தேறாதவரும் இருக்கிறார் என்பது இன்னொன்று. மூன்று மாணவர் என்று வைத்து, 1, 2, 3 என்ற மாறிகள் ‘இவர் தேறினார்’ என்பதைக் குறிக்கட்டும். முதல் பொருளுக்கு மூன்று வரிகள் வரும்:

-1 0
-2 0
-3 0

இரண்டாம் பொருளுக்கு ஒரே வரி:

-1 -2 -3 0

கழித்தல் குறி ‘இல்லை’. ஒரு வரிக்குள் இருப்பவற்றுக்கு இடையே ‘அல்லது’. வரிக்கும் வரிக்கும் இடையே ‘மற்றும்’. 0 என்பது வரி முடிந்தது என்ற அடையாளம். இப்படி ஒவ்வொரு வரியையும் கிளாஸ் என்பார்கள், அதற்குள் இருக்கும் ஒவ்வொன்றும் லிட்டரல்.

‘அல்லது’வும் ஏமாற்றும். ‘காபி அல்லது டீ?’ என்று வீட்டில் கேட்டால் இரண்டையும் வாங்கிக் குடிப்பவர் குறைவு. தர்க்கத்தின் ‘அல்லது’ இரண்டையும் அனுமதிக்கும். ஒன்றுதான் வேண்டுமென்றால் ‘1 2 0’ என்பதோடு ‘-1 -2 0’ என்பதையும் எழுதியாக வேண்டும். ‘ஹால் டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள்’ என்பதைக் கேட்பவர் மனதில் ‘இல்லாவிட்டால் விடமாட்டார்கள்’ என்பதும் சேர்ந்துகொள்ளும். எழுதியது ‘-1 2 0’ (1 டிக்கெட் இருப்பது, 2 உள்ளே விடுவது) மட்டும் என்றால் சால்வருக்கு அந்த இரண்டாம் பாதி தெரியாது. வகுப்பில் உதவி ஆசிரியராக உட்காருபவர்கள் கவனிக்க: விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடங்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். உண்மை அட்டவணையை இன்னொரு முறை போர்டில் எழுதுவதைவிட, இப்படிப் பத்து வாக்கியங்களை இரண்டு விதமாகவும் எழுதச் சொல்வது பலன் தரும்.

நான்கு தாள், இரண்டு நாள்

ஒரு துறையில் நான்கு தாள்களுக்குத் தேர்வு. 1 தர்க்கம், 2 அல்காரிதம், 3 டேட்டாபேஸ், 4 புள்ளியியல். அரியர் வைத்திருப்பவர்களால் சில தாள்களை ஒரே நாளில் வைக்க முடியாது. மோதும் ஜோடிகள்: 1-2, 1-3, 2-3, 3-4. இரண்டே நாளில் முடித்துவிட முடியுமா?

மாறிகளுக்கு எண் கொடுப்பதுதான் முதல் வேலை. தாள் த, நாள் ந என்றால் எண் 2(த−1)+ந. அதாவது 1 என்றால் ‘தர்க்கம் முதல் நாள்’, 2 என்றால் ‘தர்க்கம் இரண்டாம் நாள்’, 6 என்றால் ‘டேட்டாபேஸ் இரண்டாம் நாள்’. மொத்தம் 8 மாறிகள். இந்த எண் முறையை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், விடை வரும்போது திருப்பிப் படிக்க இதுவே சாவி.

ஒவ்வொரு தாளும் ஏதாவது ஒரு நாளில் நடக்கவேண்டும் (4 வரி):

1 2 0
3 4 0
5 6 0
7 8 0

ஒரே தாள் இரண்டு நாளிலும் நடக்கக்கூடாது (4 வரி):

-1 -2 0
-3 -4 0
-5 -6 0
-7 -8 0

மோதும் நான்கு ஜோடிகளுக்கு, நாளுக்கு ஒன்றாக 8 வரி:

-1 -3 0
-2 -4 0
-1 -5 0
-2 -6 0
-3 -5 0
-4 -6 0
-5 -7 0
-6 -8 0

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைப்பு வரி: ‘பி’ என்ற எழுத்து, ‘சிஎன்எஃப்’ என்ற சொல் (இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்), பிறகு 8, பிறகு 16. மாறிகள் எட்டு, கிளாஸ்கள் பதினாறு. இந்த வடிவத்துக்கு டிமாக்ஸ் என்று பெயர், எல்லா சால்வரும் இதைப் படிக்கும்.

சால்வரிடம் கொடுக்குமுன் கையால்

இந்தப் பதினாறு வரிகளை சால்வர் என்ன செய்யும் என்பதைப் பென்சிலால் செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். பிறகு படிக்கும் எந்தக் கட்டுரையும் இதன் பெரிய உருவம்தான்.

1 உண்மை என்று ஊகிக்கிறோம்: தர்க்கம் முதல் நாள். ‘-1 -3’ என்பதால் 3 பொய். ‘3 4’ என்பதில் மிச்சம் 4 மட்டுமே, ஆகவே 4 உண்மை. ‘-1 -5’ என்பதால் 5 பொய், ‘5 6’ என்பதால் 6 உண்மை. இப்போது 4-ம் உண்மை, 6-ம் உண்மை. ‘-4 -6’ உடைந்துவிட்டது. ஆகவே 1 உண்மையாக இருக்கவே முடியாது. ‘-1 0’ என்ற புது வரியை சால்வர் கற்றுக்கொள்கிறது.

இனி ஊகமே தேவையில்லை. 1 பொய் என்றால் 2 உண்மை. அதனால் 4 பொய், 3 உண்மை, 6 பொய், 5 உண்மை. ‘-3 -5’ உடைகிறது. ஊகம் எதுவும் செய்யாமலே முரண் வந்துவிட்டது, ஆகவே இரண்டு நாளில் தேர்வை முடிக்கவே முடியாது.

ஒரே ஒரு லிட்டரல் மிஞ்சும்போது அதை உண்மையாக்கிக்கொண்டே போவதுதான் யூனிட் ப்ராபகேஷன். 1962-இல் டேவிஸ், லோகமன், லவ்லண்ட் எழுதிய முறையில் இது உண்டு. முரணிலிருந்து புது கிளாஸ் கற்பது 1990-களில் கிராஸ்ப் சால்வரோடு வந்தது. 2001-இல் சாஃப் என்ற சால்வர் வந்தபோது வேகம் வேறொரு மட்டத்துக்குப் போனது.

சான்று

‘முடியாது’ என்று சால்வர் சொன்னால் எப்படி நம்புவது? ‘முடியும்’ என்றால் அட்டவணையைக் காட்டும், நாமே பார்த்துவிடலாம். ‘முடியாது’வுக்குக் காட்ட அட்டவணை இல்லை. அதற்குத்தான் நிரூபணக் கோப்பு. நாம் கையால் செய்ததன் நிரூபணம் இரண்டே வரி:

-1 0
0

முதல் வரி கற்ற கிளாஸ், இரண்டாவது வெற்று கிளாஸ், அதாவது முரண். இந்த இரண்டு வரிகளை ஒரு கோப்பில் நீங்களே தட்டச்சு செய்து, தேர்வுக் கோப்போடு சேர்த்து ட்ராட்-ட்ரிமுக்குக் கொடுங்கள். சரிபார்த்ததாகச் சொல்லும். பிறகு வேண்டுமென்றே ‘-4 -6 0’ என்ற வரியைத் தேர்வுக் கோப்பிலிருந்து நீக்கி, தலைப்பில் 15 என்று மாற்றி, மறுபடி கொடுங்கள். ஏற்காது. ஏன் ஏற்கவில்லை என்று வாயால் விளக்க முடிந்தால் இந்தத் துறையின் அடித்தளம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

காடிகாலை ஓட்டினால் இதே இரண்டு வரிதான் வரும் என்றில்லை. அது முன்செயலாக்கத்தில் வேறு வழியில் போகலாம். இன்னொன்று, காடிகால் நிரூபணத்தை இயல்பாக பைனரியில் எழுதும். சின்னக் கோப்புகளில் ட்ராட்-ட்ரிம் அதை எழுத்துக் கோப்பு என்று தவறாக ஊகிக்க இடமுண்டு. பைனரி வேண்டாம் என்ற விருப்பத்தைக் கொடுத்து ஓட்டிவிட்டால் நீங்களும் கோப்பைத் திறந்து படிக்கலாம்.

நிரூபணத்தில் எந்தெந்த வரிகள் வந்தன என்று திரும்பிப் பாருங்கள். ‘ஒரே தாள் இரண்டு நாளில் கூடாது’ என்ற நான்கும் வரவே இல்லை. புள்ளியியலும் எங்கேயும் இல்லை. வந்தவை ஒன்பது வரிகள், எல்லாம் முதல் மூன்று தாள்களைப் பற்றியவை. துறைத் தலைவரிடம் போய் ‘கணினி முடியாது என்கிறது’ என்றால் எடுபடாது. ‘தர்க்கம், அல்காரிதம், டேட்டாபேஸ் மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன’ என்றால் எடுபடும். இந்த ஒன்பது வரிகளுக்குத்தான் முரண் மையம் என்று பெயர். ட்ராட்-ட்ரிம் அதையும் எழுதித் தரும், ஆனால் அது தரும் மையம் ஆகச் சிறியதாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

மூன்று நாள் கொடுத்தால்

எண் முறை இப்போது 3(த−1)+ந. மாறிகள் 12. கிளாஸ்கள் 4 + 12 + 12 = 28. சால்வர் இப்படி ஏதாவது சொல்லும்:

1 -2 -3 -4 5 -6 -7 -8 9 10 -11 -12 0

உண்மையானவை 1, 5, 9, 10. தர்க்கம் முதல் நாள், அல்காரிதம் இரண்டாம் நாள், டேட்டாபேஸ் மூன்றாம் நாள், புள்ளியியல் முதல் நாள். சரிபார்க்கும் நிரலைத் தனியாக எழுதுங்கள். அது கிளாஸ் கோப்பைத் திறக்கவே கூடாது, மோதும் ஜோடிகளின் அசல் பட்டியலை மட்டும் படிக்கவேண்டும். சூத்திரத்தையே வைத்துச் சரிபார்த்தால் சூத்திரத்தில் உள்ள தவறு எப்படித் தெரியும்?

அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது: மொத்தம் எத்தனை விடைகள் என்று கையால் எண்ணி, சால்வரின் எண்ணோடு ஒப்பிடுவது. முதல் மூன்று தாள்களும் வெவ்வேறு நாளில், 6 விதம். புள்ளியியலுக்கு டேட்டாபேஸ் நாள் தவிர 2. மொத்தம் 12. சால்வர் தரும் ஒவ்வொரு விடையையும் தலைகீழாக்கி ஒரு கிளாஸாகச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பன்னிரண்டு முறை விடை வந்து பதின்மூன்றாம் முறை ‘முடியாது’ வரவேண்டும். 18 வந்தால் ‘ஒரே தாள் இரண்டு நாளில் கூடாது’ வரிகளை விட்டுவிட்டீர்கள். அப்போது புள்ளியியல் இரண்டு நாளிலும் நடப்பதாக உள்ள விடைகளும் எண்ணிக்கையில் ஏறிவிடும். அட்டவணை உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டால் அந்த வரிகள் தேவையில்லை, எண்ணும்போது தேவை. சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்கும் புதிருக்கு 92 விடைகள், அதுவும் இப்படிச் சோதிக்க நல்லது.

வழக்கமாக எங்கே உதைக்கும்

வரி முடிவில் 0 விட்டுப்போவது. டிமாக்ஸில் புது வரி என்பதற்குப் பொருளே இல்லை. ‘1 2’ என்று எழுதி 0 விட்டால் அது அடுத்த ‘3 4 0’வோடு ஒட்டி ‘1 2 3 4’ ஆகிவிடும். தர்க்கமோ அல்காரிதமோ ஏதாவது ஒன்று நடந்தால் போதும் என்றாகி, முடியாத இரண்டு நாள் அட்டவணை ‘முடியும்’ என்று வரும். கிளாஸ் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று மினிசாட் ஒரு எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு மேலே போகும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

எண்ணை 0-விலிருந்து தொடங்குவது. பைதான் சுழற்சி 0-வில் தொடங்கும், மாறி எண் 1-இல் தொடங்கவேண்டும். ‘0 1 0’ என்று எழுதப்பட்டால் முதல் 0-விலேயே ஒரு வெற்று கிளாஸ் முடிந்துவிடும், சூத்திரம் முழுதும் அங்கேயே முரண். கண் இமைக்குமுன் ‘முடியாது’ என்று வந்தால் மகிழ வேண்டாம், இதைத் தேடுங்கள்.

வெளியேறும் எண். விடை உண்டு என்றால் 10, இல்லை என்றால் 20 என்பது சால்வர்களின் மரபு. பிழை வந்தால் நிற்கும்படி அமைத்த ஷெல் ஸ்கிரிப்ட், 0 அல்லாத எதையும் தோல்வி என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடும். இரவெல்லாம் ஓடவேண்டிய பரிசோதனை முதல் கோப்போடு நின்றுபோவதற்கு இது போதும்.

சூத்திரம் பெருத்தால்

‘இந்த 100-இல் அதிகபட்சம் ஒன்று’ என்பதை ஜோடி ஜோடியாக எழுதினால் 4,950 கிளாஸ். கார்ஸ்டன் சின்ஸ் 2005-இல் கொடுத்த வரிசை எண்ணி முறையில் 99 துணை மாறிகளைச் சேர்த்தால் 296 போதும். பத்துக்குக் கீழே ஜோடி முறையே எளிது, மெனக்கெட வேண்டாம்.

இதேபோல ‘அல்லது’வுக்குள் ‘மற்றும்’ வரும் சூத்திரத்தைப் பகிர்ந்து பெருக்கி எழுதக்கூடாது. (அ₁ ∧ ஆ₁) ∨ (அ₂ ∧ ஆ₂) என்று (∧ ‘மற்றும்’, ∨ ‘அல்லது’) இருபது ஜோடிகள் இருந்தால் பெருக்கும்போது 2²⁰, அதாவது 10,48,576 கிளாஸ் வரும். செய்ட்டின் 1968-இல் காட்டிய வழியில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புது மாறி வைத்து, ஜோடிக்கு மூன்று கிளாஸ், கடைசியில் ஒன்று: 61-இல் முடிந்துவிடும்.

ஓடிக்கொண்டே இருந்தால்

11 புறாக்களை 10 பொந்துகளில், பொந்துக்கு ஒன்றாக அடைக்கச் சொல்லுங்கள். 110 மாறி, 561 கிளாஸ். குழந்தைக்கும் முடியாது என்று தெரியும். சாதாரண சால்வர் இதில் திணறும், புறாக்களைக் கூட்டக் கூட்ட வெகு சீக்கிரம் கைக்கு அடங்காமல் போகும். லேப்டாப் பழையது என்பதால் அல்ல. இரண்டு கிளாஸ்களைச் சேர்த்து மூன்றாவதைப் பெறும் ரெசொலூஷன் முறையில் இதற்கு எழுதப்படும் எந்த நிரூபணமும் அதிவேகமாகப் பெருத்தே தீரும் என்று ஹேக்கன் 1985-இல் நிறுவிவிட்டார். கிளாஸ் கற்கும் சால்வர் ரெசொலூஷனைத் தாண்டி எதுவும் செய்வதில்லை.

வழி, சமச்சீரை உடைப்பது. தேர்வு அட்டவணையில் மூன்று நாட்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. தர்க்கத்தை முதல் நாள், அல்காரிதத்தை இரண்டாம் நாள், டேட்டாபேஸை மூன்றாம் நாள் என்று நாமே கட்டிப்போட்டால் 12 விடைகள் 2 ஆகும். எதுவும் இழக்கவில்லை, பெயர்களைத்தான் மாற்றினோம். ஆனால் மூன்றாம் நாளில் ஹால் ஒன்று குறைவு என்பது போல நாட்களுக்குள் வேறுபாடு இருந்தால் இதைச் செய்யக்கூடாது. சரியான அட்டவணையே வெளியே போய்விடும்.

சொந்த சால்வர்

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு சிறு சால்வரை நீங்களே எழுதவேண்டும். வரிசை இது: எல்லா மதிப்புகளையும் முயலும் முரட்டு நிரல், பிறகு யூனிட் ப்ராபகேஷனோடு பின்வாங்கும் நிரல், பிறகு கிளாஸ் கற்றல், கடைசியாக ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு லிட்டரல்களை மட்டும் காவல் பார்க்கும் முறை. கடைசிதான் பிழைகளின் கூடாரம். காவல் பட்டியலைச் சுற்றிவரும்போதே அதிலிருந்து நீக்கினால் ஒரு கிளாஸ் தாண்டிப் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் வராது.

அதனால் 20 மாறி, 85 கிளாஸ், கிளாஸுக்கு 3 லிட்டரல் என்று குத்துமதிப்பாகச் சூத்திரங்களை உருவாக்கி, ஆயிரக்கணக்கில் ஓட்டி முரட்டு நிரலோடு ஒப்பிடுங்கள். ஏன் 85? மாறிக்கு ஏறத்தாழ 4.26 கிளாஸ் என்ற இடத்தில்தான் ‘முடியும்’, ‘முடியாது’ இரண்டும் கலந்து வரும். விடை மாறுபட்டால் கிளாஸ்களை ஒவ்வொன்றாக நீக்கி, பிழை நீடிக்கும் வரை சுருக்குங்கள். 85 கிளாஸில் பிழை தேடுவதும் 6 கிளாஸில் தேடுவதும் ஒன்றல்ல.

அளப்பது

ஆய்வுக்கு வந்தால் ‘என் முறை வேகமானது’ என்று சொல்லவேண்டி வரும். கிளாஸ்களின் வரிசையைக் குலைத்துப் போட்டாலே ஓடும் நேரம் பல மடங்கு மாறும். ஆகவே ஒரு கோப்பில் ஒரு முறை ஓட்டிய எண்ணுக்கு மதிப்பில்லை. நிறையக் கோப்புகள், சால்வரின் குத்துமதிப்புத் தேர்வுகளுக்குப் பல தொடக்க விதைகள், ஒரே கணினி, ஒரே நினைவக வரம்பு. எட்டு கோர் இருக்கிறதென்று எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள், கேஷ் பகிர்வால் எல்லாமே மந்தமாகும். சாட் போட்டிகளின் முதன்மைப் பிரிவில் கோப்புக்கு 5,000 விநாடி வரம்பு வைத்து, தீராததற்கு அதன் இரட்டிப்பைத் தண்டமாகச் சேர்த்து சராசரி எடுப்பது வழக்கம். சிறிய அளவில் நீங்களும் அதையே பின்பற்றலாம்.

சான்றையும் சேர்த்தே வைத்திருங்கள். 2016-இல் ஹியூலே, குல்மன், மாரெக் மூவரும் 1 முதல் 7,824 வரை உள்ள எண்களுக்கு இரண்டு வண்ணம் பூசலாம், எந்த பித்தகோரஸ் மும்மையும் (3, 4, 5 போல) ஒரே வண்ணத்தில் வராது, 7,825 வரை போனால் முடியாது என்று காட்டினார்கள். அந்த ‘முடியாது’வின் நிரூபணம் ஏறத்தாழ 200 டெராபைட். அதை மனிதர் யாரும் வாசிக்க முடியாது, சரிபார்க்கும் நிரல் வாசித்தது.

எங்கே போய்ப் படிப்பது

சென்னையில் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் தர்க்கம், ஆட்டோமேட்டா பக்கம் நீண்ட ஆய்வு மரபு உண்டு. டிசம்பரில் இந்தியாவில் கூடும் எஃப்எஸ்டிடிசிஎஸ் என்ற கணினியியல் கோட்பாட்டு மாநாடு 1981 முதல் நடக்கிறது. 2008-லிருந்து அதன் கட்டுரைகள் இணையத்தில் இலவசம். ஐரோப்பாவில் ட்ரெஸ்டன், வியன்னா, போல்சானோ, லிஸ்பன் பல்கலைகள் கணிமைத் தர்க்கத்துக்கென்றே கூட்டாக முதுகலைப் படிப்பு நடத்தியிருக்கின்றன. 1989-லிருந்து வெவ்வேறு நகரங்களில் கூடும் எஸ்லி (தர்க்கம், மொழி, தகவல்) கோடைப்பள்ளியில் இரண்டு வாரம் உட்கார்ந்தால் எந்தக் கிளை நமக்கு ஒத்துவரும் என்று தெரிந்துவிடும்.

பேராசிரியர்களுக்கு எழுதும்போது ‘தர்க்கத்தில் ஆர்வம் உண்டு’ என்ற வரியை வெட்டிவிடுங்கள். ஒரு பக்கத்துக்குள்: எந்தச் சிக்கலைச் சூத்திரமாக்கினீர்கள், எத்தனை மாறி, எத்தனை கிளாஸ், எங்கே சால்வர் நின்றது, அதற்கு என்ன செய்து பார்த்தீர்கள், நிரலும் நிரூபணக் கோப்பும் எங்கே இருக்கின்றன. சால்வர் நின்ற இடத்தைச் சொல்லத் தயங்கவேண்டாம். பதில் எழுதுபவர் பெரும்பாலும் அந்த வரியைப் பற்றித்தான் எழுதுவார்.